மறுத்தவர் யாருமில்லை

மரக்காணம்
28 ஜூன் 2006

புருஷோத்தமனுக்கு அக்கா தையல்நாயகி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் நம் வீட்டில் கடிதத்தைத் தொடங்குவோம். எல்லோரும் சுகமாக இல்லை. அதனால் அந்த வரியை எழுதவில்லை. போனில் பேசினால் பேச்சு முடிவதற்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று வைத்துவிடுகிறாய். மெயிலில் எழுதினால் அது உன் கண்ணில் படுகிறதா, அதற்கு முன்பே வேறு யாராவது பார்த்து ஓரம் கட்டிவிடுகிறார்களா என்று தெரியவில்லை. அதனால் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து முழுவதும் படி.

அம்சவள்ளியின் வலது கையை எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டுக்கு மேலே. முந்தாநாள்.

அம்சவள்ளி யார் என்று கேட்பாய். அனுமந்தைக்காரி. நம் ஷெட்டில் உப்புக்கு அயோடின் தெளிக்கிற திருகு மெஷின் பக்கத்தில் நிற்கிறவள். புருஷன் பச்சமுத்து கடலுக்குப் போகிறவன். போன தடவை நீ வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்தபோது, ஈரக் கையோடு மெஷின் கிட்டே நிற்காதே என்று ஒருத்தியை அதட்டினாயே, அவள்தான்.

அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து நமக்கு ஆர்டர் எப்படிக் குவிகிறது என்பது உனக்கே தெரியும். லாரி வாசலில் நின்றுகொண்டே இருக்கிறது. கரண்டோ வருவதும் போவதுமாக இருக்கிறது. கரண்ட் திரும்பி வந்தால் மெஷின் வரிசை தானாகவே ஓடத் தொடங்கும்படி வைத்தது நீ. ஆள் போய் ஸ்விட்சைத் தட்டுகிற நேரம் மிச்சம் என்றாய். அன்றைக்குக் கரண்ட் போன நேரத்தில் திருகின் வாயில் ஈர உப்பு கட்டிப்போய் அடைத்திருந்தது. அதைக் கிளறிவிட அம்சவள்ளி கையை விட்டாள். கரண்ட் வந்துவிட்டது.

ஆரோக்கியசெல்வி ஓடிப்போய் சிவப்புப் பட்டனை அடித்திருக்கிறாள். பாக்கெட் போடுகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி மாதிரி. அவளும் நானும் கம்பெனி ஜீப்பிலேயே அம்சவள்ளியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் போனோம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கம்பெனி எடுத்திருக்கிற இன்சூரன்ஸ் கார்டைக் காட்டினேன். உடனே ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு விரல் போய்விட்டது, மிச்சக் கையைக் காப்பாற்றிவிடலாம், புண் கொஞ்சம் அடங்கியதும் இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் நிம்மதியாகத் திரும்பினேன். மறுநாளே வேதாரண்யம் யூனிட்டுக்குப் போகவேண்டியிருந்தது. போய், பத்துப் பன்னிரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டேன்.

திரும்பி வந்த அன்றைக்குக் காலையில் கேட்டுக்கு வெளியே பச்சமுத்து நிற்கிறான். உள்ளே வரவில்லை. கையில் கம்பெனிக் காகிதம். வாங்கிப் படித்தேன். முன்னறிவிப்பு இல்லாமல் தொடர்ந்து பணிக்கு வராத காரணத்தால் அம்சவள்ளியின் பெயர் பணியாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து. பேனாவால் போட்டதில்லை, பிரிண்ட் ஆனது. போன வருஷம் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று கேட்டு வாங்கினாயே, அது இதற்குத்தானா?

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஏம்மா, நீங்கதான வண்டில ஏத்திக்கினு போய் ஆஸ்பத்திரில சேத்தீங்க? அப்புறம் வேலைக்கு வரலன்னு நீங்களே லெட்டர் போட்டா இன்னா அர்த்தம்?" என்றான்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பத்து நாள் ஒருவர் வரவில்லை, ஏன் என்று யாரும் கம்ப்யூட்டரில் போடவில்லை என்றால் அது தானாகவே பெயரை எடுத்துவிடுகிறது. பெயர் போனதும் வாசல் கார்டு செத்துப்போகிறது. இன்சூரன்ஸ்காரனுக்கு அதுவே புதுப் பட்டியலை அனுப்பிவிடுகிறது. அந்தப் பட்டியலில் அம்சவள்ளி இல்லை. இரண்டாவது ஆபரேஷனுக்குக் குறித்த நாளில் ஆஸ்பத்திரியில் கார்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் கம்பெனியில் இந்தப் பெயரில் ஆளே இல்லையே என்று சொல்லிவிட்டார்கள். பச்சமுத்து அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். அங்கே இருக்கிற கூட்டத்தில் இவள் முறை வருவதற்குள் புண் சீழ் பிடித்துவிட்டது. அவன் ஏன் உடனே நம்மிடம் வரவில்லை என்று நினைப்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். வேலையை விட்டே எடுத்த பிறகு எந்த மூஞ்சியோடு வந்து கேட்கிறது என்றான்.

அன்றைக்கு உனக்குப் போன் செய்தேன். பாங்க்காரர்கள் கூட இருக்கிறார்கள் என்றாய். அம்சவள்ளியின் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும், இங்கே யாராலும் முடியாது என்கிறது, நீதான் அனுமதி கொடுக்க வேண்டும் என்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். "சிஸ்டம்ல போடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாய். போட்டேன். ஷெட் மேற்பார்வை பார்க்கிற காசிலிங்கத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அது கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போட்டேன். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதப் போவதில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன். செலவு செய்து பயனில்லாத கட்டத்தில்தான் செலவு செய்தேன்.

கையை எடுத்த அன்றைக்கே உன் பதிலும் வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, மேலதிகாரி புருஷோத்தமன் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆபீஸுக்கு வந்து இதைப் பார்த்தேன். என் தம்பி இப்படிச் செய்வானா என்று அப்போதும் நம்பாமல், கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்த சென்னைப் பையனுக்குப் போன் செய்தேன். அவன் சாதாரணமாகச் சொல்கிறான். "யாரும் ரிஜெக்ட் பண்ணல மேடம். சார் அத ஓபன் பண்ணிப் பாக்கவேயில்ல. டைம் முடிஞ்சா அதுவே ரிஜெக்ட்னு க்ளோஸ் பண்ணிடும்."

நீ மறுத்திருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். மறுக்கக்கூட இல்லை என்கிறான். அப்படியென்றால் மறுத்தது யார்? அவளை வேலையை விட்டு எடுத்தது யார்? நான் இல்லை. காசிலிங்கம் இல்லை. நீயும் இல்லை. ஆனால் ஒருத்திக்குக் கை இல்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரின் வயரை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். வாசல் கேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். ஆனால் உள்ளே வர ஆளில்லை. பெண்கள் எல்லோரும் உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்து யார் பெயர் போகும் என்று ஆரோக்கியசெல்வி என்னைக் கேட்கிறாள்.

உன் பதில் எனக்கு வேண்டும். கம்ப்யூட்டர் எழுதித் தருவது வேண்டாம்.

தையல்நாயகி


காந்திதாம், குஜராத்
5 ஜூலை 2006

அக்கா அவர்களுக்கு,

கூரியர் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி முழுவதும் படித்தேன். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். கம்பெனி சார்பில் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்வோம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் பார்த்தால் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு ஒருத்தியின் கையை வெட்டியது போல இருக்கிறது. அதை நான் ஏற்றுக்கொள்ள முடியாது.

இந்த சிஸ்டம் ஏன் வந்தது என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். சகாதேவன் மேனேஜராக இருந்தபோது ஷெட்டுக்கே வராத தன் சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் எழுதிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அதை யார் கண்டுபிடித்தது? நீங்களா, நானா? அப்போது நீங்கள் போனில் அழுதீர்கள். யார் நிஜமான ஆள், யார் பொய் ஆள் என்றே தெரியவில்லை, ஏதாவது செய் என்றீர்கள். செய்தேன். வராத ஆளின் பெயரை எடுக்கிற விதி அதற்காகத்தான் வந்தது.

அப்பா காலத்தைச் சொல்லிக் காட்டுவீர்கள். எல்லாமே அவர் வாய் வார்த்தைதான், எந்தக் காகிதமும் இல்லை என்பீர்கள். அப்பாவுக்குக் காலையில் கோபம் வந்தால் மத்தியானத்துக்குள் ஒரு குடும்பத்துக்கே வேலை போகும். யார் எந்தத் தெரு என்று பார்த்துத்தான் பாத்தி வேலையா, உள் வேலையா என்று முடிவு செய்வார். கம்ப்யூட்டருக்குக் கோபம் வராது. அதற்கு ஜாதி தெரியாது. நம் கம்பெனியில் முதல் தடவையாக எல்லோருக்கும் ஒரே விதி இருக்கிறது. மூன்று ஊரில் யூனிட் நடக்கிறது. நாளைக்கு ஐந்து ஊரில் நடக்கும். ஒவ்வொரு ஊரிலும் நியாயம் சொல்ல ஒரு அக்கா இருக்க முடியாது.

விபத்து என்று பதிவு செய்ய சிஸ்டத்தில் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பியிருந்தால் அவர் பெயர் போயிருக்காது. இன்சூரன்ஸ் நின்றிருக்காது. அதை நிரப்ப வேண்டியவர் காசிலிங்கம். ஏன் நிரப்பவில்லை என்று அவரைக் கேளுங்கள். விதியில் தவறில்லை. விதிப்படி நடக்காததுதான் தவறு. உங்கள் கோரிக்கையை நான் பார்க்கவில்லை என்பது உண்மை. அந்த வாரம் எனக்கு அப்படி வந்தவை நூற்றுக்கும் மேலே. அதில் எது அவசரம் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

இனி நடக்க வேண்டியவை. சிஸ்டத்தை உடனே ஓட விடுங்கள். நம்மிடம் முதலீடு செய்ய வருகிறவர்களின் தணிக்கை ஆட்கள் இந்த மாதக் கடைசியில் மரக்காணம் வருகிறார்கள். வயரைப் பிடுங்கி வைத்திருக்கும் கம்பெனியில் யாரும் பணம் போட மாட்டார்கள். விபத்தைப் பற்றித் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். முதலில் வக்கீல் பார்க்கட்டும். நீங்கள் சிஸ்டத்தை நிறுத்தியதால், உங்களுக்கு இருந்த அனுமதி உரிமைகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். இதில் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை. வேறு யார் செய்திருந்தாலும் இதையே செய்திருப்பேன். மரக்காணம் நிலத்தை அடமானம் வைக்கும் பாங்க் பத்திரங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குறித்திருக்கும் இடங்களில் கையெழுத்திட்டு அனுப்பவும்.

உடல்நலம் பார்த்துக்கொள்ளவும்.

புருஷோத்தமன்


மரக்காணம்
14 ஜூலை 2006

புருஷோத்தமனுக்கு,

நடக்கப் பழகிய நாளிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவன், இப்போது நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். என்னிடமிருந்து எட்டிப் போக வேறு வழி கிடைக்கவில்லை போல. போகட்டும். நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

அப்பாவைப் பற்றி நீ எழுதியது நிஜம். அவர் என் அப்பா என்பதற்காக அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் யோசித்துப் பார். அப்பா துரத்தினவள் நம் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். ராஜாங்கம், நீ நல்லா இருப்பியா என்று பெயர் சொல்லிக் கேட்டாள். அவர் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சில நாள் மறுபடி கூப்பிட்டும் அனுப்பினார். தூற்றுவதற்கு ஒரு முகம் இருந்தது. அம்சவள்ளி யார் முகத்தில் மண்ணை வாரிப் போடுவாள்? டேபிள் மேல் இருக்கிற பெட்டியின் மேலா?

காசிலிங்கத்தைக் கேள் என்றாய். கேட்டேன். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அந்தக் கட்டத்தை ஏன் நிரப்பவில்லை என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னார். "மார்ச்ல பெல்ட்ல ஒரு பொண்ணு பொடவ சிக்கிச்சே மேடம், அன்னிக்குப் போட்டேன். போட்டதும் லைன் பூட்டிக்கிச்சு. சார் பாத்து ஓகே சொல்ற வரைக்கும் ஓடாதுன்னுடிச்சு. சார் ரெண்டு நாளா பாக்கல. லாரி அத்தினியும் வாசல்ல நின்னுது. அப்புறம் சார் போன்ல இன்னா பேசினாருன்னு உங்ககிட்ட நான் சொன்னதில்ல. என் பொஞ்சாதி பக்கத்துல இருந்தா. இந்த வருஷம் எனக்கு மட்டும் சம்பளம் ஏறல. அன்னிலேர்ந்து அந்தக் கட்டத்த நான் தொடறதில்ல."

சரி, ஜுரம் என்றாவது லீவு போட்டிருக்கலாமே, பெயராவது தங்கியிருக்குமே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. "பொய் எழுத மனசு வரல மேடம். அதான் ஒண்ணுமே போடாம வுட்டுட்டேன்."

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். எப்படி இறக்கினேன் என்று தெரியவில்லை. பொய் எழுத மனசு வராத மனுஷன், ஒருத்தியின் பெயர் நாளுக்கு நாள் தேய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். நிஜத்தைப் போட்டால் நீ திட்டுவாய். பொய்யைப் போட்டால் அவன் மனசு திட்டும். ஒன்றும் போடாமல் இருந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். அப்படி ஒரு வழியை அவனுக்குத் திறந்து வைத்தது யார்? விதியில் தவறில்லை என்று எழுதினாயே, இதையும் சேர்த்துப் படித்துவிட்டு மறுபடி எழுது.

நூற்றுக்கும் மேலே வந்தன, எது அவசரம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். தெரியாதுதான். ஒரு ஆள் பார்க்க முடியாத அளவுக்கு எல்லாவற்றையும் உன் ஒருத்தன் கைக்கே வரும்படி வைத்ததும் நீ, பார்க்காவிட்டால் இல்லை என்று அர்த்தம் என வைத்ததும் நீ. பார்க்க முடியவில்லை என்றால் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். அல்லது பார்க்கும்வரை அப்படியே நிற்கட்டும் என்று விட வேண்டும். காத்திருக்கிற வேலையை முடிந்துபோன வேலை என்று கணக்குக் காட்டுகிற சாமர்த்தியத்துக்குப் பெயர் நிர்வாகமா?

போன சனிக்கிழமை அனுமந்தைக்குப் போனேன். ஆரோக்கியசெல்வி கூட வந்தாள். அம்சவள்ளி வீட்டு வாசலில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் புடவைக்குள் வைத்திருந்தாள். நான் கொண்டுபோன பழத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. வேலை உனக்கு உண்டு, உட்கார்ந்து செய்கிற மாதிரி ஏதாவது தருகிறேன் என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு உங்க வேல வேணாம்மா. ஆனா நான் வேலைக்கி வரலன்னு எழுதினீங்களே, அத மொதல்ல மாத்துங்க. வேலைக்கி வராதவளுக்கு உங்க மெஷின்ல எப்பிடிம்மா கை போவும்?"

மாற்றி எழுதிய காகிதத்தைக் கொண்டுபோயிருந்தேன். எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "இத யாரு எழுதினது? நீங்களா, அதுவா?" என்று கேட்டாள். ஆபீஸில் டைப் அடித்ததுதான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பச்சமுத்துவிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, அவள் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து என் கையால் எழுதினேன். அவள் வேலையில் இருந்தபோது, நம் மெஷினால், நம் குற்றத்தால் கை போனது என்று எழுதினேன். ஆரோக்கியசெல்வி வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அம்சவள்ளி இடது கையால் வாங்கினாள். அந்தக் கையால் எதையும் வாங்கிப் பழக்கம் இல்லை. தாள் நழுவி விழுந்தது. நான் எடுக்கப் போனேன். "வுடுங்க" என்று அவளே குனிந்து எடுத்தாள்.

புறப்படும்போது ஒன்று சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "வாணாம்னு சொன்னவரு எங்கியோ ஊர்ல இருக்காராமே. அவுரு வந்து சொல்லட்டும். எம் மூஞ்சியப் பாத்து வாணாம்னு சொல்லிட்டுப் போவட்டும்."

இனி நான் செய்தவை. வக்கீல் பார்க்கும்வரை காத்திருக்கச் சொன்னாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு விபத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்த பிறகு என்றாலும் கொடுத்திருப்பேன். கரண்ட் வந்தால் தானாக ஓடுகிற ஏற்பாட்டை எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிவிட்டேன். இப்போது ஆள் போய், எல்லோரும் தள்ளி நிற்கிறார்களா என்று பார்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் ஓடும்.

கம்ப்யூட்டரை மறுபடி ஓட விட்டிருக்கிறேன். உனக்காகவோ தணிக்கைக்காரர்களுக்காகவோ இல்லை. மூட்டை எண்ணட்டும், லாரிக்குச் சீட்டு அடிக்கட்டும், யார் வந்தார் யார் வரவில்லை என்று காட்டட்டும். சகாதேவன் காலம் எனக்கும் மறக்கவில்லை. ஆனால் ஒருத்தர் வேலையையோ பெயரையோ வைத்தியத்தையோ நிறுத்துகிற காகிதம் எதுவும் இனி அதிலிருந்து தானாக வராது. சென்னைப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து அதை எடுக்கச் சொன்னேன். சாருடைய அனுமதி வேண்டும் என்றான். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். எடுத்துவிட்டான். இனி ஒருவரை நிறுத்த வேண்டும் என்றால், நிறுத்துகிறவர் தன் கையால் எழுதி, நேரில் போய்க் கொடுக்க வேண்டும். விபத்து என்று பதிவு செய்தால் வரிசை நிற்கும். அதைத் திறக்க காந்திதாமைக் கேட்க வேண்டியதில்லை. ஷெட்டில் இருக்கிறவர்களே பார்த்து, சரிசெய்து, திறப்பார்கள். பதிவு செய்தவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நீ உட்பட.

இது நான் இங்கே செய்தது. வேதாரண்யத்திலும் உன் ஊரிலும் நீ செய்ய வேண்டும். கம்பெனி விதியாக, உன் பெயர் போட்டு. அதுவரைக்கும் பாங்க் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். பத்திரங்களை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கோர்ட்டுக்குப் போவதென்றால் போ. பாகம் பிரிப்பதென்றால் பிரி. அம்மா இருந்திருந்தால் இந்த வரியை எழுத விட்டிருக்க மாட்டாள்.

பெண்கள் திங்கள்கிழமை முதல் வேலைக்கு வருகிறார்கள். என்னை நம்பி வருகிறார்கள் என்று நினைக்காதே. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதனால் வருகிறார்கள். நீங்க இல்லாத நேரம் பார்த்து அது மறுபடி எழுதினா என்னம்மா பண்ணுவீங்க என்று ஆரோக்கியசெல்வி கேட்டாள். கரண்ட் போனால் இப்போது எல்லோரும் மெஷினை விட்டு விலகி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் உள்ளே போனாலும் அப்படியேதான் நிற்கிறார்கள்.

காசிலிங்கத்தை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நீ எழுதுவாய் என்று தெரியும். எடுக்கவில்லை. தினமும் அனுமந்தைக்குப் போய் அம்சவள்ளியை ஜீப்பில் ஏற்றி, கட்டு மாற்றக் கூட்டிப்போய் வருவது அவர் வேலை. முதல் நாள் பச்சமுத்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். அவர் சும்மா நின்றாராம். மறுநாளும் போனார்.

மற்றபடி இங்கே மழை இல்லை. வெயில் நன்றாக அடிக்கிறது, பாத்தியில் உப்பு நன்றாக விளைகிறது. பழைய ஜீப்புக்கு டயர் மாற்ற வேண்டும். உன் மகள் இலக்கியாவுக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா? போன தடவை போனில் என்னோடு பேசும்போது பாதி இந்தியில் பேசினாள். அவளுக்குக் காய்ச்சல் என்று உன் வீட்டுக்காரி சொன்னாளே, இப்போது எப்படி இருக்கிறது? அதற்கு மட்டும் போன் செய்து சொல்.

ஒன்று கேட்கிறேன். இதைக் கட்டளை என்று எடுத்தாலும் சரி, கெஞ்சுகிறேன் என்று எடுத்தாலும் சரி. நீ வர வேண்டும். தணிக்கைக்காரர்களோடு வராதே, தனியாக வா. வந்தால் ஆபீஸுக்குப் போக வேண்டாம். உன்னை நேராக அனுமந்தைக்குக் கூட்டிப்போகிறேன். அவள் உன்னை என்ன சொல்வாள் என்று தெரியாது. பச்சமுத்து உன் சட்டையையும் பிடிப்பான். நான் தடுக்க மாட்டேன். ஆனால் உன் பக்கத்தில்தான் நிற்பேன்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த வருஷம் தீராது. அடுத்த வருஷமும் தீருமா என்று தெரியாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ரயிலில் வரும்போது வாசல் படியில் நிற்காதே. கை கால் சுகத்தோடு நல்லபடியாக வந்து சேர்.

உன் அக்கா
தையல்நாயகி